கோரையாறு, இரண்டு முறை

மூணாறு தலைப்பிலிருந்து லஸ்கர் தவசுமணி
போன் செய்தபோது மணி பத்தேகால்.
"ஷட்டரத் தூக்கி மூணு மணி நேரம் ஆச்சும்மா.
தண்ணி கண்ணு முன்னால போவுது.
ஒங்க தாளுல மூணு ஆறும் பூஜ்யமாம்,
தஞ்சாவூர்லேருந்து என்னைய ஏசுறாங்க.
நான் என்ன, கனாவா கண்டேன்?"

மன்னார்குடியில், மாடியறையில், என் லேப்டாப்பில்
மூன்றும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.
வெண்ணாறு, பாமணியாறு,
கோரையாறு ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு கனஅடி.
அதே ஸ்கிரிப்ட். அதே நாற்பத்தொரு வரி.
தஞ்சாவூர் சர்வரில் மட்டும் வறட்சி.

பாதையை முழுக்க என் கையால் எழுதியிருந்தேன்,
டி டிரைவில் தொடங்கி.
அங்கே டி என்று ஒன்று கிடையாது.
எங்கள் வாசலிலிருந்து சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்கள் என்று
வேதாரண்யத்துக்காரருக்கு வழி சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் அந்தக் கோடு.
விண்டோஸில் இடப்பக்கம் சாயும்.
போன மாதமே ஒரு தடவை படுத்தியது:
அதன் பின்னால் நீடாமங்கலத்தின் ஆங்கில 'என்' வந்து நின்றதும்
புதுவரி என்று படித்துவிட்டது பைத்தான்.
முதல் எழுத்தைப் பறிகொடுத்து
ஈடாமங்கலமாக அடுத்த வரியில் விழுந்து கிடந்தது ஊர்.
கோட்டை இரட்டிப்பாக்கிச் சமாளித்தேன்.
சமாளித்தது விண்டோஸை.
லினக்ஸுக்கு அது கோடே இல்லை,
பெயருக்குள் வரும் இன்னோர் எழுத்து.
ஆறு, ஆண்டு, ஜூன், தேதி எல்லாம் ஒட்டிக்கொண்டு
முழ நீளத்தில் ஒரே பெயர்,
எங்கும் மடை கிடையாது.
அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று
கத்தியிருக்க வேண்டும் ஸ்கிரிப்ட்.
கிடைக்காவிட்டால் பூஜ்யம் போடு என்று
சொல்லிவைத்ததும் நான்தான்,
ஏப்ரலில், மூன்று ஆறும் மணலாய்க் கிடந்தபோது.

காபி ஆறிப்போனது.
டி-யை எடுத்தேன். கோடுகளை எடுத்தேன்.
ஸ்கிரிப்ட் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து எண்ணச் சொன்னேன்:
மேலே ஒரு படி, பிறகு கீழே.
எங்கள் பக்கத்தில் மேலே என்றால் மேற்கு, தண்ணீர் வருகிற திசை;
கீழே போனால் கடல்.
பெயர்களை மட்டும் வரிசையாகக் கொடுத்து,
நடுவில் எந்தக் கோடு என்பது
நீ இருக்கும் ஊர் வழக்கம், நீயே போட்டுக்கொள்
என்று பாத்லிப்பிடம் விட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு வெண்ணாறு வந்தது.
பாமணியாறு வந்தது.
கோரையாறு பூஜ்யம்.

ஃபோல்டர் அங்கே இருக்கிறது, பார்க்கிறேன்,
கோரையாறு என்றே எழுதியிருக்கிறது.
புதிதாக ஒன்று உருவாக்கிப் பார்த்தேன்.
பெயர் ஏற்கெனவே உண்டு என்று மறுக்க வேண்டிய சர்வர்
பேசாமல் வாங்கிக்கொண்டது.
இப்போது ஒன்றன்கீழ் ஒன்றாக
இரண்டு கோரையாறு.

அந்த ஃபோல்டரை முதலில் போட்டவர்
உதவிப் பொறியாளர் ஹம்சவல்லி, தன் பழைய மேக்கிலிருந்து.
என் கோ-வில் உயிர்க்குறி ஒன்று,
க-வை இருபுறமும் பிடித்தபடி.
அவருடையதில் இரண்டு:
இரட்டைக்கொம்பு தனி, துணைக்கால் தனி.
திரையில் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.
ஒன்றாம் வகுப்பில் எப்படிச் சொல்லித்தந்தார்களோ
அப்படியே பிரித்துவைத்திருக்கிறது அந்த மேக்.
வெண்ணாற்றுக்கும் பாமணியாற்றுக்கும்
இந்தச் சிக்கல் வர வழியில்லை,
அவற்றின் பெயரில் ஓகாரம் கிடையாது.

இரண்டு பக்கப் பெயரையும் ஒரே வார்ப்பில் ஊற்றிவிட்டு
ஒப்பிடச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன்.
பூஜ்யம் போடும் வரியை அழித்தேன்.
இனி இல்லையென்றால் கத்தட்டும்.
நான் போட்ட வெறும் கோரையாற்றை நீக்கப் போய்
எது எது என்று ஒரு கணம் தெரியாமல்
கையை எடுத்துக்கொண்டேன்.
காலையில் பார்க்கலாம்.

ஒன்றே முக்கால். தவசுமணி தூங்கவில்லை.
"இப்ப எவ்வளவு காட்டுது?"
ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு, என்றேன்.
மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம், தவளைகள்.
"அது பத்து மணிக்கு நான் அனுப்புனது.
அதுக்கப்புறம் நாலு விரக்கடை ஏறியிருக்கு.
எழுதிக்கிறீங்களா?"